வீட்டுக்கே போய்ச் சொல்லித்தரும் வேலை: ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர்



மாதக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். சேமிப்புப் பணத்தை யார் கையிலாவது கொடுத்து அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு மட்டும் வராத உறுப்பினர் அநேகமாக எல்லாக் குழுவிலும் ஒருத்தராவது இருப்பார். ஊக்குநர் போய்க் கேட்டால், "மாமியாருக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சுக்கா, விட்டுட்டு வர முடியல" என்பார். இல்லையென்றால், "பையன் ஆறு வயசாகியும் உட்கார மாட்டேங்குறான், யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்பார். கட்டிலில் கிடப்பது ஒருவர்தான். ஆனால் அந்த வீட்டில் முடங்கிப்போவது இரண்டு பேர். கறவை மாட்டுக்கு வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவதும், மூத்த பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கை கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் உறுப்பினர்களும், அவர்கள் பெண் பிள்ளைகளும் பழகிக்கொள்ளக்கூடிய வேலை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பேரைக் கேட்டு மிரள வேண்டாம்

ஆக்குபேஷனல் தெரபி என்பது அந்த மருத்துவத்தின் பெயர். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். (ஆபரேஷன் தியேட்டரையும் ஓ.டி. என்றுதான் சொல்வார்கள். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) தமிழில் செயல்வழி சிகிச்சை, தொழில்வழி சிகிச்சை என்று பலவிதமாக எழுதுகிறார்கள். தொழில் என்றதும் சம்பளம் வாங்குகிற வேலை என்று மட்டும் நினைக்கக்கூடாது. பல் தேய்ப்பது, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய் வருவது, சமைப்பது, பூ கட்டுவது, பள்ளிக்கூடம் போவது, விளையாடுவது என்று ஒரு மனுஷர் நாள் முழுக்கச் செய்கிற எல்லாமே இதில் அடக்கம்.

பிசியோதெரபி நமக்குக் கொஞ்சம் தெரிந்ததுதான். இயன்முறை மருத்துவர் வந்து காலை நீட்டி மடக்கச் சொல்லி, தசைக்கு பலம் ஏற்றி, நடக்க வைப்பார். ஓ.டி. மருத்துவர் கேட்கும் கேள்வி வேறு: "இந்தக் கையை வைத்துக்கொண்டு இவங்க எப்படிச் சாப்பிடுவாங்க? ரவிக்கை ஊக்கு எப்படிப் போடுவாங்க?" கை முழுசாகச் சரியானாலும் சரி, சரியாகாவிட்டாலும் சரி, அந்தக் காரியம் நடக்கணும். உடம்பைப் பழக்குவார், செய்கிற முறையை மாற்றுவார், சாமானை மாற்றுவார், வேணுமென்றால் வீட்டையே கொஞ்சம் மாற்றச் சொல்வார்.

நம் நாட்டில் இந்தப் படிப்புக்கான முதல் பள்ளி 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர். இத்தனை வருஷம் ஆகியும் இந்த மருத்துவர்கள் பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறார்கள். கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு காலனிக்கு வாரா வாரம் வந்துபோக அவர்களால் ஆகாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் உதவியாளர். மருத்துவர் வந்து பார்த்து, இன்னது செய்யணும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பார். உதவியாளர் அந்த வீட்டுக்கு வாரா வாரம் போய், அதைச் செய்ய வைத்து, என்ன முன்னேற்றம் என்று எழுதி மருத்துவருக்குச் சொல்லுவார். பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் இதற்கென்றே சம்பளத்தோடு தனிப் பதவி இருக்கிறது. நம்மிடம் அதே வேலை வெவ்வேறு பெயரில் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்

திருவாலங்காடு வட்டாரத்தில் ஏதோ ஒரு கிராமம், ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயசு அம்மா. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. மருமகள்தான் எல்லாம்.

உதவியாளர் போனதும் உடற்பயிற்சியில் ஆரம்பிக்கக் கூடாது. உட்கார்ந்து பேசணும். "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் முன்னாடி என்னென்ன செய்வீங்க? இப்ப எது முடியல? முடியாததுல எதை நினைச்சா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" கேள்வியை மருமகளிடம் கேட்டு, அந்த அம்மாவின் தலைக்கு மேலே பேசிவிட்டு வரக்கூடாது. பேச்சு குழறினாலும் அவரிடமே கேட்கணும். நம்ம பக்கம் பாதி வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அங்கே "வலிக்குதா?" என்பதோடு "நொப்பிகா உந்தா?" என்றும் கேட்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு வேணும். சென்னையிலிருந்து வருகிற மருத்துவருக்கு இல்லாத தகுதி அது.

அந்த அம்மா சொல்கிறார்: "ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போவணும்." மருமகள் சிரிப்பாள், நமக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஓ.டி. வேலைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. திருத்தணி மலைக்கு 365 படி இருந்தாலும் வண்டிப் பாதையும் உண்டு. அப்படியானால் என்னென்ன வேணும்? ஒரு மணி நேரம் சாயாமல் உட்காரணும். ஆட்டோவில் ஏறி இறங்கணும். போகிற இடத்தில் ஒன்றுக்கு வந்தால் சமாளிக்கணும். புடவை நிற்கிற மாதிரி கட்டணும். பிரசாதத்தை ஒரு கையில் வாங்கிச் சாப்பிடணும். பெரிய ஆசையை இப்படித் துண்டு துண்டாக உடைத்தால், இந்த வாரம் எது, அடுத்த வாரம் எது என்று தெரிந்துவிடும். இந்த வாரம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுப் பத்து நிமிஷம் உட்காருவது. அவ்வளவுதான்.

அதற்கு வீட்டில் உள்ளவர்களுக்குச் சில முறைகளைச் சொல்லித்தரணும். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் தப்பு. தசை பலம் இல்லாத தோள் மூட்டு எளிதில் இறங்கிவிடும், அப்புறம் வலி தீராது. படுக்கும்போதும் உட்காரும்போதும் அந்தக் கைக்குக் கீழே தலையணை வைக்கணும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி நல்ல பக்கத்தில் இருக்கணும்.

உடை மாற்ற ஒரு விதி. போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கணும். கழற்றும்போது நல்ல கையை முதலில் கழற்றணும். இது ஒன்று தெரிந்தாலே மருமகளுக்குப் பாதி வேலை மிச்சம். ஊக்கு வைத்த ரவிக்கைக்குப் பதிலாக, ஒட்டும் பட்டை தைத்த முன்பக்கம் திறக்கிற ரவிக்கை என்றால் அந்த அம்மா ஒரு கையாலேயே போட்டுக்கொள்வார். நம் குழுவில் தையல் தெரியாத ஆளா இல்லை?

சாப்பாட்டுக்கு வருவோம். தட்டு நகராமல் இருக்க அடியில் ஒரு ஈரத்துணி. விளிம்பு உயர்ந்த தட்டு. ஸ்பூனின் பிடியில் சைக்கிள் டியூபோ துணியோ சுற்றிப் பருமனாக்கினால் விரல் முழுசாக மடங்காதவரும் பிடிக்கலாம். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், தாடை லேசாகக் கீழே பார்த்தபடி இருக்கணும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, ஊட்டுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவருக்குச் சொல்லணும். உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பிறகு சமையல். ஒரு கை மட்டும் வேலை செய்கிறவரை அரிவாள்மனை முன்னால் உட்கார வைக்கக் கூடாது. ஒரு பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டை அடியிலிருந்து அடித்து, கூர் மேலே நிற்கிற மாதிரி வைத்தால், அதில் கத்தரிக்காயைக் குத்தி நிறுத்திவிட்டு ஒரே கையால் கத்தியில் அரியலாம். ஆசாரியிடம் சொன்னால் அரைமணி நேர வேலை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பலகையை உயரத்தில் வைக்கணும்.

பூ கட்டுவது, வேர்க்கடலை உரிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, இதெல்லாம் நம் கண்ணுக்கு வேலை. ஓ.டி. மருத்துவர் கண்ணுக்கு மருந்து. ரப்பர் பந்தைப் பத்துத் தடவை அமுக்கச் சொன்னால் மூன்றாம் நாள் சலித்துவிடும். கடலை உரிக்கச் சொன்னால் பேரப்பிள்ளைக்கு என்று நூறு தடவை விரலை அசைப்பார். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில்தான் உடம்பு வேகமாகத் திரும்பக் கற்றுக்கொள்ளும். அந்த மாதங்களைக் கட்டிலிலேயே கழித்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து "ஏதாவது செய்யுங்களேன்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அப்போதும் முன்னேற்றம் உண்டு. ஆனால் மடங்கி இறுகிப்போன விரலை நீட்டுவது பெரிய பாடு.

இடையில் ஒன்று. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு திடீரென்று குழறினால், காலை வரைக்கும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு பஸ் ஏறிப் பழகிய ஊர் நம்முடையது. பக்கவாதத்துக்கும் எண்ணெய் தேய்க்கிற இடம் தேடி அலைந்து அந்த நேரத்தை விட்டுவிடக்கூடாது.

குழந்தைகள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை நம் வீடுகளில் எப்படித் தூக்குவோம்? பச்சைக் குழந்தை மாதிரி படுக்க வைத்து, இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னியபடி. அப்படியே தூக்கிப் பழக்கினால் கால் இன்னும் இறுகும். காலை விரித்து, நம் இடுப்பின் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி தூக்கினால் அந்தக் கால் தளரும், குழந்தையும் நிமிர்ந்து உலகத்தைப் பார்க்கும்.

அடுத்தது உட்கார வைப்பது. சுவர் மூலையே ஒரு நல்ல நாற்காலி. இரண்டு சுவரும் இரண்டு பக்கம் தாங்கும். மரத்தில் செய்தால் இடுப்பும் முட்டியும் கணுக்காலும் நேர் கோணத்தில் மடங்கி, பாதம் தரையில் அல்லது பலகையில் படியணும். உட்கார்ந்தால்தான் கை விடுபடும். கை விடுபட்டால்தான் விளையாட்டு, சாப்பாடு, எழுத்து. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகுமா போகாதா என்பது இந்த மூலையில்தான் முடிவாகிறது என்பேன்.

வேலூரும் ஆய்க்குடியும்

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கக்கூடாது. அரக்கோணத்தில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் காட்பாடி. அங்கிருந்து வேலூர். 1950களின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். ஆனால் விரல் நிமிர்ந்தால் மட்டும் பிழைப்பு நடக்குமா? உணர்ச்சி இல்லாத கை சுத்தியலைப் பிடித்தால் புண்ணாகும், சூடான பாத்திரத்தைப் பிடித்தால் வெந்துபோகும், தெரியவே தெரியாது. அதனால் அங்கேயே தங்க வைத்து, பிடி மாற்றிய கருவிகளோடு தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள்.

அவரிடம் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ. இன்றும் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், தலையில் அடிபட்டவர்கள் அங்கே தங்கிப் பழகிவிட்டு வீடு திரும்புகிறார்கள். வீடு திரும்பிய பிறகு பழகியதை விடாமல் செய்ய வைப்பது யார் என்பதுதான் நம் கேள்வி.

அதற்குப் பதில் சொன்ன ஊர் தெற்கே இருக்கிறது, தென்காசி பக்கத்து ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து, கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். முதலில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான சின்னப் பள்ளிக்கூடம். பின்னால் அவர்கள் கண்டது, எல்லாரையும் ஆய்க்குடிக்குக் கொண்டுவர முடியாது என்பதை. அதனால் கிராமத்திலேயே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து, சமூக மறுவாழ்வுப் பணியாளர் என்று பெயர் வைத்து வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். பிசியோ, ஓ.டி., பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி நிபுணர்கள் திட்டம் போடுகிறார்கள், மேற்பார்வை பார்க்கிறார்கள். பணியாளர் குழந்தையின் வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து செய்கிறார். என்ன முன்னேற்றம் என்பதைச் செல்போன் செயலியில் பதிவார்கள், நிபுணர் தன் இடத்திலிருந்தே அதைப் பார்ப்பார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

நம் மகளிர் குழுக்களுக்கும் இது புதுசு இல்லை. 2005இல் வந்த புது வாழ்வு திட்டத்தில், அது நடந்த மாவட்டங்களில், ஊனமுற்றோரைக் கண்டுபிடித்துக் குழு அமைக்கவும் உதவி வாங்கித்தரவும் ஊருக்குள்ளேயே ஆள் எடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாக ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்களைச் சுய உதவிக் குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். அதே திட்டத்தில் இயன்முறை மருத்துவரும், நோய்த் தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. அதில் 'விழுதுகள்' என்ற பெயரில் மையம் வைத்து, ஓ.டி. உட்படப் பல சிகிச்சைகளை ஒரே இடத்தில் கொடுக்கிறார்கள், வீட்டுக்கு வந்து கணக்கெடுக்கவும் சேவையோடு இணைக்கவும் களப்பணியாளர்கள் உண்டு. பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்குச் சமக்ர சிக்ஷா மூலம் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருகிறார். ஆக, இதே வேலை சிதறிச் சிதறி இருக்கிறது.

வீட்டில் வரும் முட்டுக்கட்டை

முறை எல்லாம் சொல்லித்தந்துவிடலாம். கஷ்டமானது வேறு. அந்த அம்மா ஒரு கையால் அரை மணி நேரம் தடவித் தடவிச் சாப்பிடுகிறார். சோறு சிந்துகிறது. மருமகளுக்குக் களை எடுக்கப் போகணும், நேரமாச்சு. ஊட்டிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடியும். இன்னொரு பக்கம் ஊர் வாய்: "படுத்த படுக்கையா இருந்தவளைக் கடலை உரிக்க வைக்குறா பாரு மருமவ." இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ வீட்டில் எல்லாத்தையும் செய்து கொடுத்துவிடுகிறார்கள். மகன் பாசத்தில் சொல்லுவார், "எங்கம்மா இனிமே எதுவும் செய்ய வேணாம்." செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்ட உடம்பு, கொஞ்ச நாளில் செய்ய முடியாத உடம்பாகிவிடுகிறது.

உதவியாளரின் நிஜத் திறமை இங்கேதான் தேவைப்படுகிறது. அக்கம்பக்கத்தாரையும் மகனையும் உட்கார வைத்து, "இது வைத்தியம், டாக்டர் எழுதிக் கொடுத்தது" என்று பேசணும். எல்லா வேளையும் வேண்டாம், மதியச் சாப்பாடு மட்டும் அவர் கையால் சாப்பிடட்டும் என்று மருமகளோடு உடன்பாடு செய்யணும். மருமகளின் முதுகுவலியையும் கேட்கணும். அவர் மாதம் ஒருமுறை குழுக் கூட்டத்துக்கு வர, அந்த இரண்டு மணி நேரம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று குழுவிலேயே பேசி முறை வைக்கலாம். அதற்குத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடணும். எல்லாத் தெருவுக்கும் போகணும், எல்லார் வீட்டிலும் தொட்டு வேலை செய்யணும். காலனி வீட்டுக்கு வாசலோடு நிற்கிறவரும், ஊர்த்தெருவில் கொல்லைப்புறமாக வரச்சொன்னால் பேசாமல் போகிறவரும் இந்த வேலையில் நிலைக்க முடியாது. கூட்டமைப்பு அந்த இடத்தில் உதவியாளர் பக்கம் நிற்கணும். ஆண் நோயாளி என்றால் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கிற நேரமாகப் போவது நல்லது. ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது. யாருக்கு சிறுநீர் கட்டுப்பாடு இல்லை என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டால் அப்புறம் எந்தக் கதவும் திறக்காது.

எல்லை எது?

உதவியாளர் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லக் கூடாது. திட்டத்தில் இல்லாத பயிற்சியைத் தானாகச் சேர்க்கக் கூடாது. வீங்கிய, சிவந்த, சூடான காலைத் தேய்த்துவிடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். இடுப்பிலோ குதிகாலிலோ தோல் சிவந்து, அமுக்கினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அன்றைக்கே செவிலியருக்குச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லணும். வலிப்பு, காய்ச்சல், திடீர்க் குழப்பம் என்றால் பயிற்சி கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

போன ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதணும்: தேதி, என்ன செய்தார், எத்தனை நிமிஷம், எவ்வளவு உதவி தேவைப்பட்டது. "நல்லா இருக்காங்க" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. "கட்டில் ஓரம் பிடிக்காமல் 12 நிமிஷம் உட்கார்ந்தார், போன வாரம் 7" என்று எழுதணும். வரவு செலவு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் என்று எழுதி எழுதிப் பழகிய நம் குழுப் பெண்களுக்கு இது கஷ்டமே இல்லை.

பயிற்சியும் சம்பளமும்

முழு ஓ.டி. மருத்துவர் ஆக வேண்டுமானால் பன்னிரண்டாவதில் அறிவியல் பிரிவு எடுத்து, நாலு வருஷத்துக்கு மேல் படிக்கணும். அறிவியல் எடுத்திருக்கிற பெண் பிள்ளைகளுக்கு நர்சிங் மட்டும்தான் வழி என்று நினைக்காமல் இதையும் சொல்லுங்கள். 2021இல் வந்த தேசிய சட்டத்தில் ஓ.டி.யும் அங்கீகரித்த மருத்துவம் சார் தொழில்களில் ஒன்று.

உதவியாளர் அளவுக்குச் சில வழிகள் இருக்கின்றன. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 2021இல் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஊருக்குள் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் அடிமட்டப் பணியாளர்களுக்கான படிப்பு அது. நமக்குக் கிட்டத்தில், முட்டுக்காட்டில் பலவகை ஊனங்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. மறுவாழ்வுத் துறைப் படிப்புகள் அங்கே நடக்கின்றன. கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திறன் பயிற்சியில் நோயாளிப் பராமரிப்புப் பிரிவும் உண்டு, கட்டணம் இல்லை. பொதுவாக 35 வயது வரை, பெண்களுக்கு 45 வரை சேரலாம். அது ஓ.டி. பயிற்சி இல்லை. ஆனால் தூக்குவது, திருப்புவது, சுத்தம், பதிவு என்ற அடிப்படையெல்லாம் அதில் வந்துவிடும்.

ஏமாறாமல் இருக்க ஒரு வார்த்தை. "மூன்று மாதத்தில் தெரபிஸ்ட், வேலை நிச்சயம்" என்று நோட்டீஸ் ஒட்டி, முப்பதாயிரம் நாற்பதாயிரம் கேட்கிற இடங்கள் உண்டு. குழுக் கடன் எடுத்து அங்கே கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழில் யார் கையெழுத்து, மறுவாழ்வுக் கவுன்சிலா, தேசியத் திறன் பயிற்சி அமைப்பா, அல்லது அந்த இன்ஸ்டிட்யூட் முதலாளி மட்டுமா? நோயாளிகளோடு எத்தனை நாள் நேரடிப் பயிற்சி? போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், இரண்டு பேரிடம் பேசலாமா? மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

சம்பளம் பற்றி மறைக்காமல் சொல்லணும். தொண்டு நிறுவனங்களிலும் திட்டங்களிலும் கிடைப்பது பெரும்பாலும் மதிப்பூதியம்தான், அதுவும் திட்டம் ஓடுகிற வரைக்கும். இதையே நம்பிக் குடும்பம் நடத்த முடியாத இடங்கள் உண்டு. ஆனால் உள்ளூரிலேயே வேலை, பஸ் செலவு குறைவு, பகல் நேரம். தன்னார்வலராக ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறவருக்கு இந்தத் திறமையும் சேர்ந்தால், அடுத்த திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது அவர் பேர் முன்னால் நிற்கும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் ஆளுக்கொரு உதவியாளரை வைத்துக்கொள்ள முடியாது. நாலைந்து கூட்டமைப்புகள் சேர்ந்து ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

வேலைக்கு வருகிறவர் சில அரசாங்க விஷயங்களையும் கையில் வைத்திருக்கணும், ஏனென்றால் வீட்டுக்குள் போனதும் முதலில் கேட்பது அதைத்தான். 2016 சட்டப்படி 21 வகைக் குறைபாடுகளுக்கு ஊனச் சான்று உண்டு. பக்கவாதத்தில் கை கால் செயலிழந்த பெரியவருக்கும் அடையாள அட்டை வாங்கலாம் என்பது பல வீட்டுக்குத் தெரியாது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான மாதப் பராமரிப்புத் தொகையை 2023 ஜனவரியிலிருந்து ரூ.2,000ஆக உயர்த்தினார்கள். மாற்றுத்திறனாளிகள் தனிக் குழு ஆரம்பிக்க 5 பேர் இருந்தாலே போதும்.

இந்த விவரம் எல்லாவற்றுக்கும் திருவள்ளூர் ஆட்சியர் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். திறன் பயிற்சிக்கு நம் வட்டார இயக்க மேலாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது உங்கள் குழுவில் படுக்கையாக இருப்பவர் உள்ள வீடுகள் எத்தனை, உட்கார முடியாத குழந்தைகள் எத்தனை, எந்தத் தெரு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எண்ணிக்கை கையில் இருந்தால் அவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிடலாம்.